பின்பக்கத்தைக் காட்டுங்கோ

ஜப்பானின் பாரம்பரியத் துணிக் கைவினைகளைப் பார்க்கப் புறப்பட்ட சுற்றுலாக் குழுவில் ஆண் என்று நான் ஒருவன்தான் இருந்தேன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத ஆளும் நான்தான். ஒக்லாந்து விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது குழுவிலிருந்த பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு கைவேலைப் பையைத் தோளில் மாட்டியிருந்தார்கள். என் தோளிலும் ஒன்று தொங்கியது. அது மனைவியின் பை. அந்தப் பயணமும் அவளுடையதுதான்.

பக்குரங்காவில் எங்கள் வீட்டு முன்னறை வெகுகாலமாக முன்னறையாக இருந்ததில்லை. ஒக்லாந்துத் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேருக்கு மனைவிதான் சேலைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். எங்கள் ஆட்கள் 'சட்டை' என்று கேட்டு வருவார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'ப்ளவுஸ்' என்று கேட்டு வருவார்கள். இரண்டு பேருக்கும் அக்குளில் ஒரே இடத்தில்தான் இறுகும் என்பாள். நவராத்திரிக்கு முந்திய வாரங்களில் சாப்பாட்டு மேசை முழுவதும் பட்டுத்துணி கிடக்கும். நான் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிடவேண்டும்.

ஒரு தையல் ஓர் இழை விலகிப் போனாலும் பிரித்துவிடுவாள். "உள்பக்கத்தை ஆர் பாக்கப்போகினம்?" என்று நான் கேட்டால், "நான் பாத்திட்டன்தானே" என்பாள். பிறகு தலை நிமிராமல் பிரிப்பாள். எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடங்களில் பிழை பிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், பிழை பிடிக்கிற பழக்கம் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆனாலும் அவள் தையலில் நான் ஒரு பிழையும் கண்டதில்லை. கண்டிருந்தாலும் சொல்ல எனக்கு வாய் வந்திராது.

பிளாசாக் கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் சமூக மண்டபத்தில் வாரத்துக்கு ஒருமுறை கூடுகிற தையல் குழுவிலும் அவள் இருந்தாள். பெரும்பாலும் வயதான வெள்ளைக்காரப் பெண்கள். குழுத் தலைவி பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், நெடிய மனுசி, எதையும் இரண்டு முறை சொல்வார். ஜப்பானுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னதும் அவர்தான். மனைவி அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கலியாணம் கட்டிய நாள்முதல் அவள் என்னைக் கேட்காமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உண்மையில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கோடையில் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வலது கைதான் வரவில்லை. கரண்டியைப் பிடிக்கும், பிடித்ததை வைத்திருக்காது.

நான் அந்தக் கையைப் பொறுப்பெடுத்துக்கொண்டேன். பிசியோக்காரர் கொடுத்த ரப்பர் பந்தைக் காலை, மதியம், மாலை என்று பிசைய வைத்தேன். அட்டவணை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அவள் தேநீர் குடிக்கும்போதும் பக்கத்தில் நின்று விரலை நீட்டு, மடக்கு என்றேன். ஒருநாள் அவள் பந்தை எடுத்து யன்னலால் எறிந்தாள். இடது கையால்தான் எறிந்தாள், குறி தப்பவில்லை. பக்கத்து வீட்டு நாய் அதைத் திருப்பித் தரவேயில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலை நேரம், "மெஷினை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ. இனித் தையல் இல்லை" என்றாள்.

நான் பதில் சொல்லும் முன்னரே அவள் ஆளையும் பார்த்து வைத்திருந்தாள். பிளாட் புஷ்ஷில் இருக்கும் ஒரு தமிழ்நாட்டு நர்ஸ். தைக்கப் பழகவேண்டும் என்று முன்பொருமுறை கேட்ட பிள்ளை. அவள் விடுமுறைக்குத் திருச்சிக்குப் போயிருந்தாள், திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்வதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். மெஷினில் யாருடையதோ ஒரு பச்சைச் சட்டை ஊசிக்குக் கீழே பாதியில் நின்றது. மனைவி அந்த அறைப்பக்கமே போவதை விட்டுவிட்டாள். யாராவது புதுச்சேலை கட்டிக்கொண்டு பார்க்க வந்தால் முன்பெல்லாம் முதலில் கரையைத்தான் தொட்டுப் பார்ப்பாள். இப்போது முகத்தை மட்டும் பார்த்துக் கதைத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. கை போனதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. துணிமேல் இருந்த ஆசையும் போய்விட்டால் அவளில் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

தலைவி அவளைப் பார்க்க வந்தார். பயணத்தில் அவளுடைய இடத்தை என்ன செய்வது என்று கேட்கத் தயங்கித் தயங்கி, வாழைப்பழக் கேக்கையே இரண்டு முறை புகழ்ந்தார். மனைவி என் பக்கம் கையைக் காட்டி, "இவர் போவார்" என்றாள்.

"எனக்கு உதிலை என்ன தெரியும்?" என்றேன்.

"அதுக்குத்தான் போகச் சொல்லுறன். போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ."

மகளிடம் முறையிட்டேன். அவளும் பிளாட் புஷ்ஷில்தான் இருக்கிறாள். எந்தத் தமிழ்க் கேள்விக்கும் இங்கிலிஷில்தான் பதில் வரும். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்கு உங்களிடமிருந்து ஒரு லீவு தேவை அப்பா என்றாள். அன்று முழுவதும் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

சாயம் போட்டுப் பார்க்க ஆளுக்கொரு வெள்ளைப் பருத்தித் துண்டு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மனைவி முன்பே வாங்கி வைத்திருந்த துணி அலுமாரியில் இருந்தது. புறப்படுகிற அன்று அதைப் பையில் வைக்கப் போனபோது, "பொறுங்கோ, புதுத்துணி வெறுமனே போகக்கூடாது" என்று குசினிக்குப் போனாள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து, இடது பெருவிரலால் துணியின் மூலையில் அழுத்தினாள். தீபாவளிச் சட்டைக்குக் காலரின் உள்பக்கத்தில் வைப்போமே, அதேமாதிரித்தான்.

"சாயத்திலை போடப்போற துணிக்கு மஞ்சள் என்னத்துக்கு?" என்றேன்.

"வைச்சாச்சு. இனிக் கதையாதேங்கோ."

கை விழுந்த பிறகு அவள் ஒரு துணியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதனால் நானும் கதைக்கவில்லை.

ஜப்பானில் போன முதல் இடம் ஒரு நெசவுக்கூடம். என் கடமையைச் செய்யவேண்டும் என்று தறி, நெசவாளர், தொங்கவிட்ட துணி, வாசல் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கோணம் பார்த்து, நிழல் பார்த்து எடுத்த படங்கள். பதிலுக்கு ஒரு சின்னக் குரல் செய்தி வந்தது.

"வடிவாத்தான் இருக்கு. பின்பக்கத்தைக் காட்டுங்கோ."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் பறந்து வந்து துணியின் முதுகையா படம் எடுப்பது என்று நினைத்தேன். ஆனால் அந்தச் செய்தியை இன்னொருமுறை கேட்டபோது அவள் குரல் பழைய குரலாக இருந்தது. பிறகு நான் எங்கே போனாலும் துணியைத் திருப்பத் தொடங்கினேன். கடையில் திருப்பினேன், பட்டறையில் திருப்பினேன், தங்கிய விடுதியில் வாசல் திரையைத் திருப்பினேன். ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய கிமோனோவின் பின்புறத்தைப் பார்க்கத் தரையோடு தரையாகக் குனிந்தேன். காவலாளி ஓடி வந்தார். எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

குழுப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கேட்டார்கள், நான் சொன்னேன். அதற்குப் பிறகு நான் கைபேசியை எடுத்தாலே யாராவது ஒருத்தி துணியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இது உங்கள் மனைவிக்குப் பிடிக்கும், இந்த முடிச்சை நெருக்கி எடுங்கள் என்பார்கள். தலைவி, துணிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி என் கையையே பிடித்து இழுத்தார். தொட்டால் எப்படி இருந்தது என்று அவளுக்கு நீங்கள் சொல்லவேண்டும் அல்லவா, சொல்லவேண்டும் அல்லவா என்று இரண்டு முறை சொன்னார். அந்தப் பெண்களுக்கு நான் யாரோ. அவள்மீது இருந்த அன்பை என்னிடம் செலவழித்தார்கள். நான் அதை வாங்கிக்கொள்ள வெட்கப்படவில்லை.

சாயப் பட்டறையில் நீலச்சாயத் தொட்டிகள் தரையில் புதைந்திருந்தன. சாம்பல் தண்ணீரில் இலையைப் புளிக்க வைத்து வளர்க்கிற சாயம் அது. உயிருள்ள பிள்ளைபோலத் தவிடு ஊட்டிப் பார்த்துக்கொள்வார்களாம். சாயக்காரர் ஓர் இளைஞர், நகமெல்லாம் நீலம். என் முறை வந்தது. துணியை மெல்ல அமிழ்த்தினேன். மூலை சாயத்தைத் தொட்டதும் அந்த மஞ்சள் தடம் இரத்தச் சிவப்பாக மாறியது.

பக்கத்தில் நின்ற பெண் என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். விரல் வெட்டிவிட்டது என்று யாரோ சொல்ல, இன்னொருத்தி பையில் பிளாஸ்டர் தேடினாள். சாயக்காரரின் முகம் கறுத்துவிட்டது. அவருடைய பயம் என் விரலுக்கு அல்ல, தொட்டிக்கு. எனக்கு மட்டும் அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கும் என்பது ஆலாத்தித் தட்டைப் பார்த்து வளர்ந்த எந்தத் தமிழனுக்கும் தெரியும். சுண்ணாம்பு செய்கிற வேலையைத்தான் சாம்பல் தண்ணீர் செய்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் வியர்த்துவிட்டேன். புதுத்துணி, மனைவி, மஞ்சள், பெருவிரல் என்று கையாலும் காட்டினேன்.

சாயக்காரர் குனிந்து தொட்டியை முகர்ந்தார். கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு தொட்டிக்கு ஒன்றுமில்லை என்பதுபோலக் கையசைத்தார். துணியை அவரே வாங்கித் தண்ணீரில் அலசினார். காற்றுப் பட்டதும் துணி நீலமாகிக்கொண்டு வர, மூலையில் இருந்த சிவப்பு போய், மஞ்சளும் நீலமும் கலந்த இலைப் பச்சையில் ஒரு பெருவிரல் தடம் நின்றது. அதை அவர் வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உங்கள் மனைவியின் கையா என்று கேட்டார். ஓம் என்றேன். தமிழில்தான் சொன்னேன், அவருக்கு விளங்கியது.

கடைசியாகத் தையல் வகுப்பு. சாஷிகோ என்று பெயர். நீலத்துணியில் வெள்ளை நூலால் நேர்வரிசையில் ஓடும் தையல். நாங்கள் சாயம் போட்ட துணியிலேயே தைக்க வேண்டும். நீளமான ஊசி தந்தார்கள், அதன் பின்முனை உள்ளங்கையில் குத்தாமலிருக்க ஒரு தோல் வளையமும் தந்தார்கள். நான் ஊசியைத் துணியில் குத்தினேன், இழுத்தேன், மறுபடி குத்தினேன். ஆசிரியை என் வயதுக்காரி. வந்து பார்த்தார், என் வலது மணிக்கட்டை இரண்டு விரலால் மேசையோடு அழுத்தினார். ஊசி ஆடக்கூடாது, துணிதான் ஆடவேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். வலது கை ஊசியைப் பிடித்தபடி அப்படியே இருக்கும். இடது கை துணியை மேலும் கீழும் அசைத்து ஊசியில் ஏற்றும். துணி ஊசியில் மடிப்பு மடிப்பாக ஏறி வந்ததும் ஒரே இழுப்பு.

கேட்கச் சுலபம். என் கை கேட்கவில்லை. சும்மா இருக்கச் சொன்னால் அது இன்னும் வேகமாகக் குத்தியது. அவர் ஒவ்வொரு முறையும் வந்து மணிக்கட்டை அழுத்திவிட்டுப் போனார். வகுப்பு முடியும்போது இரண்டு வரிசை தைத்திருந்தேன். கிறுக்கன் நடந்த தடம்போல இருந்தது.

ஆசிரியையின் கைகளைக் காணொளி எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். அன்று பதில் வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. பின்பக்கத்தை எடுக்க மறந்துவிட்டேனோ என்று பார்த்தேன், எடுத்திருந்தேன். மத்தியானம் குரல் செய்தி வந்தது.

"அந்த மனுசியின்ர வலது கை என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை. ஊசியைப் பிடிச்சுக்கொண்டு சும்மா இருக்குது" என்று அனுப்பினேன்.

திரும்பி வந்ததும் மகள் வீட்டிலிருந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உடுப்பு மாற்றும் முன்னரே பையைத் திறக்கச் சொன்னாள். நீலத்துணியை மேசையில் விரித்தேன். பச்சைத் தடத்தின்மேல் தன் பெருவிரலை வைத்துப் பார்த்து, "என்ரைதான்" என்றாள். பிறகு என் தையலைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

தோல் வளையத்தை வலது கையில் மாட்டிவிடச் சொன்னாள். மாட்டினேன். ஊசியை விரலுக்கிடையில் வைத்தேன். இடது கையால் துணியை எடுத்தாள். இடது கை ஒரே பார்வையில் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டது, எனக்கு ஒரு வகுப்பு முழுவதும் வராத அசைவு அவளுக்கு உடனே வந்தது. ஆனால் ஊசி நிற்கவில்லை. சரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சரிந்தது. பந்தை ஒழுங்காகப் பிசைந்திருந்தால் என்ற வாக்கியம் என் வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அடுத்த முறை ஊசி கீழே விழுந்தபோது அவள் துணியைத் தள்ளிவிட்டாள்.

"காணும். மெஷினோடை உதையும் அந்தப் பிள்ளையிட்டைக் குடுத்துவிடுங்கோ."

அழுதாள். ஆஸ்பத்திரியிலும் அழாதவள் அப்போது அழுதாள். நான் மேசைக்கடியில் போய் ஊசியைத் தேடினேன். எடுத்துக்கொண்டு எழும்பியபோது, கையில் ஊசியோடு நிற்கிறேன் என்பது உறைத்தது. அவள் கையிலிருந்த தோல் வளையத்தைக் கழற்றி என் கையில் மாட்டினேன். கதிரையை அவளுடைய வலப்பக்கம் இழுத்துப் போட்டு அமர்ந்தேன். அவளுடைய வலது கை இருக்கவேண்டிய இடத்தில் என் கையை வைத்து ஊசியைப் பிடித்தேன்.

"நீர் துணியை ஆட்டும்" என்றேன்.

மூக்கை உறிஞ்சினாள். என் கையைப் பார்த்தாள். பிறகு இடது கையால் துணியை எடுத்தாள்.

துணி ஊசியில் ஏறியது. என் கை தன் குணத்தைக் காட்டி முன்னால் ஓடியது. "குத்தாதேங்கோ" என்றாள். இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடி ஓடியது. "இஞ்சேருங்கோ, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். சும்மா பிடிச்சுக்கொண்டிருங்கோ. அது காணும்" என்றாள். முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தேன். வீதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்டது. துணி ஊசியில் மடிப்பு மடிப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அந்த நர்ஸ் மெஷினுக்கு வந்தபோதும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். கதவைத் திறக்க நான் எழும்பினால் ஊசி விழும் என்பதால், திறந்துதான் இருக்கிறது வாருங்கள் என்று கத்தினேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க தைக்கிறீங்க. அப்ப மெஷின் உங்களுக்கு வேணாமா?"

"மெஷினுக்கு ரெண்டு கையும் ஒரே ஆளின்ரயா இருக்கவேணும் பிள்ளை. நீர் கொண்டுபோம். பச்சைச் சட்டை ஒண்டு பாதியிலை நிக்குது, அதையும் முடிச்சு, தைக்கத் தந்த மனுசியிட்டைக் குடும்."

"நான் இன்னும் ஒழுங்காப் பழகவே இல்லையே ஆன்ட்டி."

"பிழைச்சால் இஞ்சை கொண்டுவாரும். பிரிக்கச் சொல்லித் தாறன்."

மெஷினை நானும் அவளுமாகத் தூக்கிக் காரில் வைத்தோம். முன்னறையில் அது இருந்த இடத்தில் கம்பளம் அமுங்கிக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது மனைவி அந்த வெற்றிடத்தைப் பார்க்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து, துணியை இடது கையால் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. நல்லாயிருக்கு என்று சொல்லப்போன நேரம் அவள் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இதிலை கை ஆட்டினனீங்கள்."

"ஆர் பாக்கப்போகினம்?" என்றேன்.

"நான் பாத்திட்டன்தானே" என்றாள். "இருங்கோ. பிரிச்சுப்போட்டுத் திரும்பத் தைப்பம்."